'வீ' என்றால் நாமா, நாங்களா?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் 'காமன் கோர்' பாடத் தரநிலைகள் 2010இல் வெளியாயின. அதில் முதல் வகுப்பு ஆங்கில இலக்கணத்திலேயே பிரதிப்பெயர்கள் வந்துவிடுகின்றன. 'ஐ, மீ, மை', 'தே, தெம், தேர்' போன்ற ஆள் சுட்டும் சொற்களோடு, 'எனிவன்', 'எவ்ரிதிங்' போன்று இன்னார் என்று குறிப்பிடாத சொற்களையும் பிள்ளை பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு!

நம்மில் பலருக்கு இந்த ஒர்க்‌ஷீட் வீட்டுக்கு வந்தால் கவலையே இல்லை. நாமும் இந்த ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்கள்தானே, ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவோம். சிக்கல் வருவது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில். அங்கே பிள்ளை ஒரு பட்டியலை எழுதிக்கொண்டு வருகிறது: யூ என்றால் நீ, வீ என்றால் நாங்கள், ஷி என்றால் அவள், சம்வன் என்றால் யாரோ. இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் ஒரு சொல். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்த பிள்ளை, தாத்தா பாட்டியிடம் பேசும்போது தடுக்கி விழும்.

நான் கலிபோர்னியாவில் மென்பொருள் எழுதுகிறவன். அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். மனைவியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்கு வந்தது. முதல் வகுப்பில் ஒரு மகள். அதனால் எங்கள் வீட்டில் மூன்று விதமான பேச்சு ஓடும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. ஆங்கிலம் ஒரே சொல்லால் தாண்டிப் போகும் இடத்தில், தமிழ் நின்று ஒரு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், சொல் தானாக வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'யூ': எதிரே இருப்பவர் எனக்கு யார்?

ஆங்கிலத்தில் நாய்க்குட்டிக்கும் 'யூ', நாட்டின் அதிபருக்கும் 'யூ'. எப்போதும் அப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க 'தௌ', பலரைக் குறிக்க 'யீ', 'யூ' என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. பிறகு மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் 'யூ' என்று அழைக்கும் வழக்கம் வந்தது. நாம் நீங்கள் என்கிறோமே, அதே கதைதான். அந்த மரியாதைச் சொல் மெல்ல மெல்ல எல்லாருக்கும் பரவி, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' ஏறக்குறைய மறைந்துபோனது. ஒரே ஆளிடம் பேசினாலும் 'யூ ஆர்' என்று பன்மை வினையோடு சொல்வது அதன் மிச்சம்தான். பெரிய பிள்ளைகள் ஷேக்ஸ்பியர் படிக்கும்போது 'தௌ'வும் 'யூ'வும் மாறி மாறி வருவதைப் பார்ப்பார்கள். யார் யாரிடம் எதைச் சொல்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடும்.

ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. 'டூ', 'ஸீ' என்றும் 'தூ', 'வூ' என்றும் அவர்கள் தினமும் பிரித்துப் பேசுகிறார்கள். நார்வேயில் வளரும் பிள்ளைக்கு அப்படியில்லை. அங்கே இன்று கிட்டத்தட்ட எல்லாருக்குமே 'டூ'தான்.

"பெரியவங்களுக்கு நீங்க, சின்னவங்களுக்கு நீ" என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். அவ்வளவு எளிதில்லை. என் மகள் என் அம்மாவை, அதாவது அவளுடைய ஆச்சியை, 'நீ' என்றுதான் சொல்வாள். "ஆச்சி, நீ எப்ப வருவ?" என்று போனில் கேட்டால் ஆச்சிக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதையே மனைவியின் அம்மாவிடம் கேட்டால் வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மம்மாவுக்கு 'நீங்கள்'தான். யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் நடுவே 'நீர்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. 'வா'வுக்கும் 'வாங்கோ'வுக்கும் நடுவே 'வாரும்'. என் மாமனார் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவார். அதில் மரியாதையும் இருக்கும், நெருக்கமும் இருக்கும்.

ஆக, பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கேள்வி 'இவருக்கு வயசு என்ன?' என்பதைவிடக் கொஞ்சம் பெரியது. 'இவர் எனக்கு யார், இவங்க வீட்டில் எப்படிக் கூப்பிடுவாங்க?' என்பதுதான் அது. தெரியாவிட்டால் 'நீங்க' என்று தொடங்கலாம், தப்பே வராது. "என்னை நீன்னே கூப்பிடும்மா" என்று அவர்களே சொல்வார்கள்.

'வீ': கேட்கிறவர் உள்ளே இருக்கிறாரா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆங்கில 'வீ'க்குத் தமிழில் இரண்டு சொற்கள். நான் யாரிடம் பேசுகிறேனோ அவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். அவரை விட்டுவிட்டு எங்கள் கூட்டத்தை மட்டும் சொன்னால் நாங்கள். பேச்சில் நாம, நம்ம என்பது ஒரு பக்கம். நாங்க, எங்க என்பது இன்னொரு பக்கம்.

போன கோடையில் அம்மம்மா டொராண்டோவிலிருந்து வந்திருந்தார். மகள் ஓடிப்போய், "அம்மம்மா, நாங்க சனிக்கிழமை பீச்சுக்குப் போறோம்!" என்றாள். அம்மம்மாவின் முகம் ஒரு நொடி மாறியது. "அப்ப என்னை விட்டிட்டோ போறியள்?" என்று கேட்டார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நோ, யூ ஆர் கமிங் டூ!" என்றாள். அவள் மனசில் இருந்தது 'வீ'. அந்த 'வீ'க்குள் அம்மம்மாவும் இருந்தார். வாயில் வந்த தமிழ்ச் சொல்தான் அவரை வெளியே நிறுத்திவிட்டது.

பிறகு அம்மம்மாவே அதைச் சொல்லிக்கொடுத்தார், இலக்கணம் எதுவும் பேசாமல். இரண்டு கையையும் விரித்து மகளைக் கட்டிக்கொண்டு "இது நாங்கள் ரெண்டு பேரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஒரு கையை நீட்டி என்னையும் இழுத்துக்கொண்டு "இப்ப இது நாம" என்றார். அன்றைக்குப் பிறகு மகளுக்கு அந்த இரண்டும் குழம்பியதே இல்லை.

இந்த வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியதில்லை. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்று உண்டு. மலாய் மொழியில் கேட்கிறவரைச் சேர்த்தால் 'கித்தா', சேர்க்காவிட்டால் 'காமி'. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். நியூசிலாந்துப் பள்ளிகளில் மாவோரி கற்கும் பிள்ளைகள் 'தாத்தோ', 'மாத்தோ' என்று இதையே படிக்கிறார்கள். "தமிழ் மட்டும் ஏம்ப்பா இவ்வளவு கஷ்டம்?" என்று பிள்ளை சலித்துக்கொண்டால் இதைச் சொல்லுங்கள். உலகத்தில் பல மொழிகளுக்கு இந்தக் கணக்கு சர்வ சாதாரணம்.

வீட்டில் விளக்க ஓர் எடுத்துக்காட்டு: சாமி கும்பிடும்போது "சாமி, எங்களைக் காப்பாத்து" என்றுதான் கேட்போம். "நம்மைக் காப்பாத்து" என்று சாமியிடமே கேட்டால், சாமியையும் சேர்த்து யாரோ காப்பாற்ற வேண்டும் என்றாகிவிடும்! என் மகள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

'ஹி', 'ஷி', 'தே': எப்படிப்பட்ட அவர்?

மொழிபெயர்ப்புச் செயலிகள் 'ஷி' என்றதும் பெரும்பாலும் 'அவள்' என்று கொடுத்துவிடும். செயலிக்குத் தெரிந்தது வாக்கியம் மட்டும்தான். அந்த 'ஷி' தங்கையா, தலைமை ஆசிரியையா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் நம் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரைகளில் "என் டீச்சர் நல்லவள்" என்று வருகிறது. பிள்ளை மரியாதை இல்லாமல் எழுதவில்லை. 'ஷி' ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டது, பிள்ளை அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. தமிழ் அதோடு, இவருக்கு என்ன மரியாதை என்றும் கேட்கும். அவன், அவள் ஒரு பக்கம். எழுத்தில் அவர், பேச்சில் அவங்க இன்னொரு பக்கம். பெயர்ச்சொல் மாறினால் வினையும் கூடவே மாறும்: வந்தான், வந்தாள், வந்தார், வந்தாங்க.

கவனித்தீர்களா? அவர், அவங்க என்ற இரண்டிலும் ஆண், பெண் வேறுபாடே இல்லை. ஆங்கிலத்தில் இப்போது அதிகம் பேசப்படும் ஒருமை 'தே'யும் இதைப் போலத்தான். ஒருவரை 'தே' என்று குறிப்பது புதிதாக வந்த பழக்கம் இல்லை. 14ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கில எழுத்தில் அது உண்டு. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'தே'யை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. யாரோ ஒருவர் குடையை மறந்துவிட்டுப் போனால் ஆங்கிலத்தில் 'தேர் அம்ப்ரெல்லா' என்பார்கள். நாமும் "யாரோ குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்போம். ஒரே ஆள், ஆணா பெண்ணா தெரியாது, வினை மட்டும் 'போயிட்டாங்க'. உங்கள் பிள்ளையின் நண்பர் யாராவது தன்னை 'தே' என்று சொல்லச் சொல்லியிருந்தால், அதைத் தாத்தா பாட்டிக்கு எப்படிச் சொல்வது என்று திணற வேண்டியதில்லை. 'அவங்க' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

'சம்வன்', 'எனிவன்', 'நோ வன்': மூன்று ஒட்டுகள் போதும்

இப்போது அந்த ஒர்க்‌ஷீட்டின் இரண்டாம் பாதி. ஆங்கிலத்தில் சம்வன், எனிவன், எவ்ரிவன், நோ வன், சம்திங், எனிதிங், நத்திங் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் ஒரு கேள்விச் சொல்லை எடுத்து, அதன் வாலில் ஓ, ஆவது, உம் என்ற மூன்றில் ஒன்றை ஒட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மென்பொருள் எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைப் பார்த்தால் ஆனந்தமாக இருக்கும்.

யார்: யாரோ, யாராவது, யாரும்.
எது: ஏதோ, ஏதாவது, எதுவும்.
எங்கே: எங்கேயோ, எங்கேயாவது, எங்கேயும்.
எப்போது: எப்போதோ, எப்போதாவது, எப்போதும்.
எப்படி: எப்படியோ, எப்படியாவது, எப்படியும்.

ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு குணம் உண்டு.

*ஓ*: ஓர் ஆள் இருப்பது நிச்சயம், யார் என்றுதான் தெரியவில்லை. "யாரோ கதவைத் தட்டுறாங்க."

*ஆவது*: இன்னார் என்று முடிவாகவில்லை, எவராக இருந்தாலும் சரி. "யாராவது கதவைத் திறங்க." "யாராவது போன் பண்ணாங்களா?"

*உம்*: ஒருவரையும் விடாமல் எல்லாரையும் வளைத்துப் பிடிப்பது. "யாரும் வரலாம்."

ஆங்கிலப் பழக்கம் தடுமாற வைக்கும் இடம் இதுதான். கதவைத் தட்டுபவரும் 'சம்வன்', கதவைத் திறக்க வேண்டியவரும் 'சம்வன்'. அதனால் பட்டியல் படித்த பிள்ளை "யாரோ கதவைத் திறங்க" என்று சொல்லும். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'அந்த ஆள் ஏற்கெனவே இருக்காரா, இனிமேல்தான் வரணுமா?' இருந்தால் ஓ, இனிமேல்தான் என்றால் ஆவது. 'சம்ஹவ்' என்ற சொல்லிலும் இதே கணக்குதான். "எப்படியோ வந்து சேர்ந்துட்டோம்" என்றால் நடந்து முடிந்தது. "எப்படியாவது போய்ச் சேரணும்" என்றால் இனிமேல் நடக்க வேண்டியது.

அடுத்தது 'நோ வன்'. இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடிப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். "இல்லை யாரும் வந்தாங்க" என்று ஒரு பிள்ளை சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழில் இல்லை என்பதைச் சொல்லும் வேலை வினையுடையது. 'யாரும்' அப்படியே இருக்கும், வினை மாறும்: "யாரும் வரலை." யாழ்ப்பாணப் பேச்சில் "ஒருத்தரும் வரேல்லை." நம் அப்பா அம்மா தலைமுறையில் சிலர் ஆங்கிலத்தில் 'எனிவன் டிடின்ட் கம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே விஷயம்தான், எதிர்த் திசையில் நடக்கிறது. அவர்கள் தமிழ் வினையின் வேலையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள், நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் வேலையைத் தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

'எவ்ரிவன்' பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அது ஒருமை: 'எவ்ரிவன் இஸ் ஹியர்.' தமிழில் 'எல்லாரும்' பன்மை: "எல்லாரும் வந்தாச்சா?" என்றால் "வந்துட்டாங்க" என்று பதில். ஆளுக்கொன்று என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'ஒவ்வொருத்தரும்' இருக்கிறது. அதோடு ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்ல முடியாத ஒன்றும் நம்மிடம் உண்டு: அவரவர், பேச்சில் அவங்கவங்க. "அவங்கவங்க தட்டை அவங்கவங்க கழுவுங்க." எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஒலிக்கும் வாக்கியம் அது.

வீட்டில் என்ன செய்யலாம்?

தனியாக வகுப்பு எடுக்கத் தேவையில்லை. மூன்று சின்ன விஷயங்கள் எங்களுக்குப் பலன் தந்தன.

ஒன்று, பட்டியலில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள். இடது பக்கம் 'வீ', வலது பக்கம் நாம், நாங்கள். நடுவில் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டிய கேள்வி: 'கேக்கிறவங்க உள்ளேயா, வெளியேயா?' 'யூ'வுக்கும் 'ஷி'க்கும் 'சம்வன்'னுக்கும் இதேபோல ஒவ்வொரு கேள்வி. பள்ளி ஒர்க்‌ஷீட்டின் பின்பக்கமே இதற்குப் போதும்.

இரண்டு, சாப்பாட்டு மேசையில் ஓர் ஆட்டம். ஒருவர் "நாம நாளைக்குக் கடைக்குப் போறோம்" என்றோ "நாங்க நாளைக்குக் கடைக்குப் போறோம்" என்றோ சொல்லி ஒருவரை மட்டும் பார்க்க வேண்டும். பார்க்கப்பட்டவர் தான் கூட்டத்தில் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் அன்றைக்குத் தட்டு எடுத்து வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மையை ஒளித்து வைத்து ஆடலாம்: "யாரோ எடுத்துட்டாங்க, எங்கேயோ வச்சுட்டாங்க, யாராவது பார்த்தீங்களா?" "யாரும் பார்க்கலையே!"

மூன்று, திருத்துவதைவிடச் சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். பிள்ளை "நானுக்குப் பசிக்குது" என்றால் "எனக்கும் பசிக்குது, வா சாப்பிடலாம்" என்று பதில் சொன்னால் போதும். 'நான்' எப்படி 'என்' ஆகிறது என்று எப்போதாவது கேட்டால், ஆங்கிலத்தில் 'ஐ' எப்படி 'மீ' ஆகிறதோ அப்படித்தான் என்று சொல்லுங்கள். முக்கியமாக, தாத்தா பாட்டி முன்னால் திருத்தாதீர்கள். அங்கே வெட்கப்பட்டுப்போன பிள்ளை அடுத்த முறை ஆங்கிலத்துக்கு ஓடிவிடும். பாட்டிக்கு அதைவிட 'நீ'யே மேல்.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். தமிழில் 'யாரோ' என்றால் முன்பின் தெரியாதவர் என்றும் பொருள். கோபம் வந்தால் நம் பெரியவர்கள் "நான் என்ன யாரோவா?" என்று கேட்பார்கள். அதற்கு நேர் எதிர்ச் சொல் 'நம்மவங்க'. 'நாம்' என்பதிலிருந்து பிறந்த சொல் அது. கடல் கடந்து வந்து, வாரம் ஒரு முறை திரையில் மட்டும் பார்க்கும் பேரப் பிள்ளையிடம் தாத்தா பாட்டி பெரிய இலக்கணத்தை எதிர்பார்க்கவில்லை. "நாம எப்ப பார்ப்போம்?" என்று பிள்ளை கேட்டால், அந்த ஒரு 'நாம'வை அவர்கள் அடுத்த அழைப்பு வரும்வரை சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். இந்த வாரம் பேசும்போது கேட்டுப் பாருங்கள்.